கடைத்தெருச் சுவரில் காக்கா கீறிய படம்

காக்கா,

உங்கள் தங்கச்சிதான் எழுதுகிறேன். இன்று காலை பக்கத்து வீட்டுக் கதவுகளுக்கு பெயின்ட் பூசினார்கள். டர்பன்டைன் வாடை தறி வரை வந்தது. நெசவை நிறுத்திவிட்டேன். கல்முனைக் கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதிவிட்டு நீங்கள் வரும்போது சட்டையில் இருக்கும் வாடை அது.

ஐம்பதுகளில் ஒரு சிறுபோகம், மழை குறைந்த நெல் பருவம். தண்ணீர் தட்டுப்பாடு. பெருங்காணிக்காரரான போடியார் தன் சொந்தச் செய்கைக்காக வாய்க்காலை மறித்துவிட்டார். கீழே, அவரிடமே குத்தகைக்குக் காணி எடுத்த வரிப்பத்தான்சேனை ஆட்களின் வேளாண்மை கதிர் தள்ளும் நேரத்தில் கருகியது. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தீர்கள். பிறகு கடைத்தெருச் சுவரில் படம் கீறினீர்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே பெருத்த மனிதர் ஒருவர் படுத்திருக்கிறார். ஒரு பக்கம் தண்ணீர் முட்டி நிற்கிறது. மறுபக்கம் வெடித்த மண்ணில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை.

“ஆக்களக் கீறுறது நமக்கு ஹராம் மகன்” என்றார் வாப்பா.

“ஆக்களக் காயவைக்கிறது ஹலாலா வாப்பா?”

போடியாரின் ஆட்கள்தான் வருவார்கள் என்று பயந்துகொண்டிருந்தோம். வந்தது குத்தகைக்காரர் ஒருவர். வயதானவர். வாசலிலேயே நின்றார்.

“மகன், அந்தப் படத்த அழிச்சிருங்க.”

“உங்களுக்காகத்தானே கீறின.”

“ஓம். நாங்க சொல்லிக் கீறினதாம் எண்டு போடியார் கதைக்கிறார். வாற போகம் காணி தரமாட்டார். புள்ளைகளையும் கொண்டு நாங்க எங்க போற?”

நீங்களே சுண்ணாம்பு கரைத்தீர்கள். அந்தப் பெண்ணைக் கடைசியாகத்தான் மூடினீர்கள் என்று வாப்பா வந்து சொன்னார்.

அடுத்த போகம் போடியார் அந்தக் காணியை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் குத்தகைக்காரரின் பெண்சாதி வந்து சொன்னபோது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கையைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

“அப்ப நான் அழிச்சது என்னத்துக்குத் தங்கச்சி?”

அதன்பிறகு நீங்கள் பெயர்ப்பலகை எழுத்து மட்டும்தான் எழுதினீர்கள்.

காய்ச்சலில் நீங்கள் மௌத்தாகி அடக்கம் செய்த அன்று போடியாரும் வந்தார். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லா போர்ட் எழுதுற புள்ள” என்றார். முற்றத்தில் நின்ற எல்லோரும் தலையாட்டி ஓம் என்றார்கள். யாருக்காகப் படம் கீறினீர்களோ, அந்தக் குத்தகைக்காரரும் ஓம் என்றார். திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன் காக்கா. எத்தனையோ மறந்துபோயிற்று. அவருடைய அந்த ‘ஓம்’ மட்டும் போகவில்லை. அவர்மேல் கோபப்படவும் எனக்கு முடியவில்லை.