பள்ளமில்லாத சாலை

செவ்வாய், இரவு

நேற்று ராத்திரி இவர் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐயம்பேட்டை தாண்டி கார் தானாக நின்றுவிட்டதாம். காலையில் மெக்கானிக் காதரை அழைத்துக்கொண்டு இவரோடு நானும் போனேன். சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை. சாலையோர வீட்டில் தறிச்சத்தம் ஓயும்வரை காத்திருந்து, காதர் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டார்.

"பெட்ரோல் பம்பு ஓடவே இல்லம்மா."

பிறகு பிரேக் பெடல் பக்கம் குனிந்து ஒரு பட்டனை அழுத்தினார். கார் உடனே கிளம்பிவிட்டது.

"வண்டி பலமா மோதினா இந்த சுவிட்ச் தானா பெட்ரோல நிறுத்திடும். எங்கனா இடிச்சிட்டீங்களாண்ணா?"

"பள்ளத்துல எறங்கிடுச்சுப்பா" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

கார் நின்ற இடத்தில் முன்னும் பின்னும் நடந்து பார்த்தேன். புதுத் தார். ஒரு பள்ளம்கூட இல்லை. காரின் முன் நம்பர் பிளேட் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தது.

கடவுளே, இடிபட்டது மாடாக இருக்கட்டும். நாயாக இருக்கட்டும்.

பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது. கேட்டால் மறைக்க மாட்டார், சொல்லிவிடுவார். அதனால்தான் நான் இன்னும் கேட்கவில்லை.