குழல் வராத இடம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்குச் சளி பிடித்திருந்தது, விட்டுவிட்டது.

பழைய சினிமாப் பாட்டு ஒலிநாடாக்களில் இரைச்சலைத் துடைப்பதுதானே என் வேலை. போன வாரம் வந்தது, அப்பா புல்லாங்குழல் வாசித்ததாக நீங்கள் ஊரெல்லாம் சொல்லும் பாட்டு. "அதுல குழலே இல்லையேக்கா" என்று சித்தி சிரிப்பாளே, அதேதான்.

அப்போதெல்லாம் பாடகியும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகத்தான் பதிவு செய்வார்கள். ஒருவர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அப்படிக் கெட்டுப்போன பதிவுகளும் இந்த நாடாவிலேயே இருக்கின்றன. மூன்று முறை, குழல் வரும் இடத்தில் அப்பாவுக்கு இருமல் வந்து கெடுத்திருக்கிறது. கடைசியில் இசையமைப்பாளர் சொல்வது கேட்கிறது: "நீங்க வெளிய போய் உக்காருங்கய்யா. அந்த இடத்துல வேற யாரும் வாசிக்க வேணாம். சும்மாவே இருக்கட்டும்."

அந்த மௌனத்தைத்தான், கவிஞர் கேட்டு வாங்கியது என்று புத்தகமெல்லாம் புகழ்கிறது. அப்பா சாகும்வரை நம்மிடம் மூச்சுகூட விடவில்லை.

ஹெட்போனில் கேட்டால் அந்த மௌனம் காலியாக இல்லை அம்மா. சாத்திய கதவுக்கு வெளியே ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறார். "அதைத் துடைச்சிடும்மா" என்றார் மேலாளர். "ஆச்சு சார்" என்றேன். துடைக்கவில்லை. இப்போது எந்தப் பாட்டைப் போட்டாலும் திரும்பிக் கதவைப் பார்க்கிறேன்.

புதுப் பதிவு வந்ததும் சித்திக்குப் போட்டுக் காட்டுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. இங்கே குளிர், அப்பாவின் மப்ளரை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் மகள்