நிலவில்லாத ஏழாம் அத்தியாயம்

2025 ஜூலை 3, வியாழன்

முதலில் கண்ணில் பட்டது நிலா. ஏழாம் அத்தியாயத்தின் இரண்டாம் வரியிலேயே பூரண நிலவு எறித்தது. தட்டச்சு செய்துகொண்டிருந்த என் விரல்கள் நின்றுவிட்டன.

மருதனார்மடத்து அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். கலியாண அழைப்பிதழும் கண்ணீர் அஞ்சலியும்தான் அடித்திருக்கிறேன். முழு நாவல் இதுதான் முதல் தடவை. எழுதியவர் ஜெயந்தினி அக்கா, மானிப்பாயில் தாதியாக இருக்கிறார். அவருடைய ஊரில் எழுபது வருடத்துக்கு முன் பெயரோடு வாழ்ந்து, கலியாணம் கட்டாமலே இறந்துபோன நாவலாசிரியர் கிருபைரட்ணத்தைப் பற்றிய கதை. அவருக்கு ஓர் இரகசியக் காதல் இருந்திருந்தால்? அதைத்தான் அக்கா கற்பனை செய்திருக்கிறார். காதலி சிவகௌரி, எங்கள் மயிலிட்டிக் கடற்கரைப் பெண். ஒவ்வொரு பூரணைக்கும் அவளுடைய தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனபின் அவர் சயிக்கிளில் வருகிறார். நிலவில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பூரணைக்கு யார் கடலுக்குப் போவது?

ஜூலை 4, வெள்ளி

பூரணைப் பிழையை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஜூலை 7, திங்கள்

அக்கா எட்டாம் அத்தியாயக் கொப்பியைக் கொண்டுவந்தார். சொல்லவேண்டிய வசனத்தை பஸ்ஸில் மூன்று தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் மேசைக்குக் கிட்ட வந்ததும் அதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை.

"என்ன சுபா, முழிக்கிறீர்? என்ரை கையெழுத்து விளங்கேல்லையோ?"

"இல்லை அக்கா... ஓம் அக்கா."

"இல்லையோ, ஓமோ?"

முதலாளி சண்முகநாதன் அங்கிள் சிரித்தார். "உந்தப் பிள்ளை வாய் திறந்து கதைச்சால் அண்டைக்கு நான் கடை பூட்டிக் கொண்டாடுவன்."

போகும்போது அக்கா அவரிடம் சொன்னார்: "அந்த மனிசன்ரை நாவல் ஒண்டிலையும் பொம்பிளையின்ரை முகம் எப்பிடி எண்டு ஒரு வரி இல்லை அண்ணை. குரல் மட்டும்தான். மூண்டு வருசமா யோசிக்கிறன், பிடிபடேல்லை."

பத்தாம் வகுப்பில் அம்மாவைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மா சுகமாகி வந்தபிறகும் போகவில்லை. என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருந்து, எழும்பி நின்று வாசிக்கவேண்டுமே என்ற பயம். அப்படிப்பட்டவள் புத்தகம் எழுதுகிறவருக்குப் பிழை சொல்வதா?

ஜூலை 10, வியாழன், பூரணை

விடுமுறை. கரை முழுக்க ஆம்பிளைகள். ஒரு பக்கம் காட்ஸ் விளையாட்டு. அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, முந்தின காலத்திலையும் நிலவுக்குத் தொழிலுக்குப் போறேல்லையோ?"

"நிலவு வெளிச்சத்தில மீனுக்கு வலை தெரியுமெல்லோ. என்ரை ஐயான்ரை காலத்திலையும் உதுதான். ஏனடி, மீன்பிடிப் புத்தகமோ அடிக்கிறியள்?"

அப்படியென்றால் கிருபைரட்ணம் முதல் நாளே பிடிபட்டு அடி வாங்கியிருப்பார். அவர் வந்திருக்கக்கூடியது இருட்டுக் காலத்தில் மட்டும்தான். ஆம்பிளைகள் எல்லாரும் கடலில் இருக்கும்போது. விளக்கும் கொளுத்த ஏலாது. அப்படியென்றால் அவளுடைய முகத்தை அவர் —

அதனால்தான் அவருடைய நாவல்களில் குரல் மட்டும்!

ஜூலை 11, வெள்ளி

செய்துவிட்டேன். அங்கிள் சாப்பிடப் போன நேரம், நிலவு வந்த இரண்டு பந்திகளை விட்டுவிட்டு நானே ஒரு பந்தி அடித்தேன். அமாவாசை இருட்டு. மணலில் காலடிச் சத்தம். "ஆரது?" என்று அவள் கேட்கிறாள். அவர் பதில் சொல்லாமல் நிற்கிறார், இன்னொரு தரம் கேட்கட்டும் என்று. கடைசி வரி: "அவள் முகத்தை அவர் ஒருநாளும் நிலவில் கண்டதில்லை; ஆனால் சந்தை இரைச்சலிலும் அவள் குரலை அவரால் தனியாக எடுத்துவிட முடியும்."

அடிக்கும்போது சந்தோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் பிடித்தது. மற்றவருடைய புத்தகம். இது களவில்லாமல் வேறென்ன? நாளைக்குப் போனதும் பழையபடி மாற்றவேண்டும்.

ஜூலை 12, சனி

நேற்று நான் வேலை முடிந்து வெளிக்கிட்ட பிறகு அக்கா வந்தாராம். அங்கிள் அப்போதே ஏழாம் அத்தியாயத்துப் புறூவை, பிழை பார்க்கும் தாள்களை, எடுத்துக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

மாவிட்டபுரத்துக் கந்தா, அந்தப் பக்கத்தை அக்கா பார்க்காமல் புரட்டவேண்டும்.

ஜூலை 16, புதன்

"உதை ஆர் எழுதினது?" அக்கா புறூவை மேசையில் போட்டார்.

அங்கிள் கண்ணாடியைப் போட்டார். "என்ன தங்கச்சி, எழுத்துப் பிழையோ?"

"பிழை எண்டால் திருத்தலாம். இது நான் எழுதாத பந்தி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நிலவுக்குத் தொழில் இல்லை அக்கா." தரையைப் பார்த்தபடி சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

"அதைச் சொல்லியிருக்கலாமே. வாய் இருக்குத்தானே? என்ரை பேரைப் போட்டு உம்மடை வசனத்தை அடிச்சால் அது ஆரின்ரை புத்தகம்?"

தாள்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவருடைய முடிவு தெரியும்வரை வீட்டில் நிற்கச் சொன்னார் அங்கிள்.

எல்லாம் போச்சு. கதைக்க வேண்டிய நேரம் கதைக்காமல், களவா எழுதி... எருமை. நான் ஒரு எருமை.

ஜூலை 19, சனி

மூன்று நாளாக வீட்டில் நிற்கிறேன். அம்மா இரண்டு தரம் தேத்தண்ணி ஊற்றித் தந்தா.

ஜூலை 23, புதன்

பொழுதுபடும் நேரம் வாசலில் ஒரு ஸ்கூட்டி. ஜெயந்தினி அக்கா! இறங்கியதும் சொன்னார்: "கடற்கரையைக் காட்டும்."

நாளைக்கு அமாவாசை. வள்ளங்கள் போய்விட்டன. கரையில் ஒருவரும் இல்லை. மணலில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் நன்றாக இருட்டிவிட்டது.

"உம்மடை முகம் எனக்குத் தெரியேல்லை."

"உங்கடையும் தெரியேல்லை அக்கா."

சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்கும். பிறகு நான் கதைத்தேன். நான்தான்! திரும்பி வரும் வள்ளத்தின் சத்தத்தை வைத்தே அது எங்களுடையதா என்று அம்மா சொல்லிவிடுவதை, காற்று மாறினால் கடலின் மணம் மாறுவதை, இருட்டில் கூப்பிடும்போது ஒவ்வொரு பெண்ணின் குரலும் எப்படி வேறுபடும் என்பதை. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அதுசரி, இருட்டுக் காதல் உமக்கெப்பிடித் தெரியும்? ஆரும் இருக்கினமோ?"

"ஐயோ, இல்லை அக்கா!"

"சரி சரி, கத்தாதையும்." பிறகு குரல் மாறியது. "கேக்காமல் செய்தது பிழை, சுபா."

"ஓம் அக்கா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"வெள்ளிக்கிழமை வேலைக்குப் போம். அண்ணையிட்டைச் சொல்லிப்போட்டன்."

ஜூலை 25, வெள்ளி

என் மேசையில் புறூவும் ஒரு சிவப்புப் பேனையும் இருந்தன. ஏழாம் அத்தியாயத்தில் என் பந்தி முழுக்க வெட்டு. அக்கா அமாவாசையில் நடப்பதாகத் தன் கையால் புதிதாக எழுதியிருந்தார். என் கடைசி வரியை மட்டும் வெட்டாமல் அத்தியாயத்தின் முடிவுக்குக் கொண்டுபோயிருந்தார். முன்பக்கத்தில், நன்றி சொல்லும் இடத்தில், "ஏழாம் அத்தியாயத்தின் கடைசி வரி: நா. சுபாஜினி, மயிலிட்டி" என்று இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன். சரி, ஐந்து தரம்.

எட்டாம் அத்தியாயத்தின் மேல் ஒரு துண்டுத் தாள்: "இதிலும் கடல் வருகிறது. பிழை கண்டால் கோடு போடும். பிறகு எனக்குச் சொல்லும். வாயால்."

மூன்றாம் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். கடைப் போனை எடுத்து அக்காவின் நம்பரை அழுத்தினேன்.