ஞானமலருக்கு ஓர் ஆட்டம்

கார்ல்ஸ்ரூஹேக்கு அருகில்,
அகதிகள் விடுதி,
13.3.1988, ஞாயிறு

அன்புள்ள ஞானமலருக்கு,

உன் புருஷன் சவிரிமுத்து எழுதிக்கொள்வது. உண்மையாகவே என் கைதான். லூர்தம்மா எழுதவில்லை, ஜேசுரட்ணம் எழுதவில்லை. எழுத்துகள் காயப்போட்ட வலை மாதிரி வளைந்து கிடந்தால் சிரிக்காதே. நான் சுகம். நீயும் மகள் பற்றிமாவும் அவள் பிள்ளையும் சுகம் என்று நீ எழுதத்தான் போகிறாய். அந்த நம்பிக்கையில் தொடங்குகிறேன்.

கடைசியாக உன் கடிதம் புரட்டாதியில் வந்தது. பேரனுக்குப் பல் முளைத்ததையும் வீட்டுக்குப் புதுக் கிடுகு போட்டதையும் எழுதியிருந்தாய். ஐப்பசியில் அங்கே சண்டை தொடங்கியது. பிறகு ஒன்றும் வரவில்லை. தபால் ஓடவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த கடிதத்தை நானே வாசிக்க வேண்டும் என்று கார்த்திகையில் லூர்தம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அவள் எங்கள் விடுதியில் இருக்கும் குருநகர்ப் பெண். குசினி மேசையில் மாவைத் தூவி அதிலே எழுதப் பழக்கினாள். "அண்ணை, நடுக்கடலிலை வழி தெரியுமெண்டு பெருமை பேசுறியள், இந்த ஆனாவைச் சுத்தி வர உங்களுக்கு வழி தெரியேல்லையே!" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். இப்போது மாதா படத்துக்குக் கீழே உள்ள செபத்தைத் தடக்காமல் வாசிக்கிறேன். அறுபத்தாறு வயதில் எனக்கு இது பெரிய கொண்டாட்டமாக இருக்கிறது. தெருவில் போகும்போதும் விரலால் காற்றில் எழுதிக்கொண்டு போகிறேன். இந்த ஊர்ச் சனம் என்னைப் பார்த்து என்ன நினைக்கிறதோ தெரியாது.

இன்று திங்கள். நேற்று விரல் நொந்து நிறுத்திவிட்டேன்.

மகன் பிரகாசம் ஸ்டுட்கார்ட்டில் சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவுகிறான். ஞாயிறுகளில் விடுதிக்கு ரெலிபோன் எடுப்பான். அவனைப் பார்க்கப் போவதற்கும் நான் கந்தோரில் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஒரு ரெர்மின் வேண்டும். அதாவது, இன்ன நாள் இன்ன நேரம் வா என்று அவர்கள் சொல்வது. இங்கே எல்லாவற்றுக்கும் ரெர்மின்தான். சாவதற்கும் ரெர்மின் எடுக்க வேண்டும் என்று என் அறையில் இருக்கும் ஜேசுரட்ணம் பகிடி விடுவான்.

இனி நான் சொல்ல வந்த சங்கதி. மலர், நான் ஓர் ஆட்டம் கட்டியிருக்கிறேன்.

எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் ஒரு வேதக் கோயில் மண்டபம் இருக்கிறது. புதன்கிழமைப் பின்னேரங்களில் அங்கே ஸ்கொட்லாந்து ஆட்டம் ஆடுவார்கள். ஆடுகிறவர்கள் எல்லோரும் ஜெர்மன்காரர். மருந்துக்கடையில் வேலை செய்த ஹெட்விக் என்ற அம்மா எப்போதோ ஸ்கொட்லாந்துக்குப் போய் ஆசைப்பட்டுப் படித்து வந்து, அயலில் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டாராம். போன கோடையில் அக்கோடியன் சத்தம் கேட்டு வாசலில் போய் நின்றேன். சாரத்தோடு நின்றேன். உள்ளே வால்டர் என்ற பெரிய உடம்புக்காரர் கட்டம் போட்ட துணியொன்றை முழங்கால் அளவுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் சம்மாட்டியார் வலை இறக்கும்போது சாரத்தை மடித்துக் கட்டுவாரே, அதே கோலம். அவர் என் சாரத்தைப் பார்த்தார். நான் அவருடையதைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ஆண்கள் பக்கம் ஓர் ஆள் குறைவு. கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள்.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. கையை மட்டும்தான் பிடிப்பது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒருவருக்கொருவர் தலை குனிவார்கள். அந்த இரண்டு வரிசையையும் பார்த்தவுடன் எனக்குக் கரைவலைதான் நினைவுக்கு வந்தது.

கடலில் வளைத்த வலையின் வடக்குக் கயிற்றில் ஒரு வரிசை, தெற்குக் கயிற்றில் ஒரு வரிசை. நடுவில், மீன் சேரும் மடி வந்து கரையேறும் இடத்தில், நீ கடகப்பெட்டியோடு நிற்பாய். கயிற்றை இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனவன் அதை விட்டுவிட்டுத் திரும்பவும் தண்ணீருக்கு வந்து முன்னால் பிடிக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் ஆறுதலாக நடந்து மூச்சு வாங்குவார்கள். நான் ஓடுவேன். ஏன் ஓடினேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பாதையில் உன்னைக் கடந்து போகலாம். சுறுக்காகப் பிடித்தால் சுறுக்காக மேட்டுக்குப் போகலாம், திரும்பவும் உன்னைக் கடக்கலாம். வலை கிட்ட வர வர இரண்டு கயிறும் நெருங்கும். ஒவ்வொரு முறையும் உனக்கு இன்னும் கொஞ்சம் கிட்டவாகப் போவேன். நீ மீனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய். அப்படித்தான் நான் நினைத்தேன். கலியாணத்துக்குப் பிறகு ஒருநாள், "சிவப்புச் சாரத்தோடை ஓடுறவரெண்டு எனக்குத் தெரியும்" என்றாய்.

இந்த ஆட்டக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய ஆட்டங்களோடு நிற்க மாட்டார்கள். கலியாணம், பிறந்தநாள், ஒருவர் ஊரைவிட்டுப் போவது என்று எது வந்தாலும் யாராவது புது ஆட்டம் ஒன்று கட்டுவார்கள். அதற்கு ஓர் ஆளின் பெயரை வைப்பார்கள். வால்டர் தன் மகளின் கலியாணத்துக்கு ஒன்று கட்டினார். இப்போது தாங்கள் கட்டியவற்றையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் அடிக்கப் போகிறார்கள். ஹெட்விக் அம்மா என்னிடமும் ஒன்று கேட்டார்.

குசினி மேசையில் உருளைக்கிழங்குகளை ஆண்களாகவும் வெங்காயங்களை வெள்ளைக்காரிகளாகவும் அடுக்கி வைத்து நகர்த்திப் பார்த்தேன். "அண்ணை, உங்கட பொம்பிளையளிலை ரெண்டு பேரைத் தாங்கோ, கறிக்கு வெட்டவேணும்" என்று லூர்தம்மா கத்தியோடு வந்து நின்றாள்.

அவர்களின் ஆட்டத்தில் எப்போதும் முதலில் நிற்கும் சோடி ஆடி ஆடிக் கடைசிக்குப் போகும். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. கயிறு இழுத்தவன் அல்லவா, கடைசியில் நிற்கிறவர்களை முன்னுக்கு ஓட வைத்துவிட்டேன். போன புதன்கிழமை ஆடிப் பார்த்தபோது முன்னால் நின்றவர்கள் பழக்கதோஷத்தில் கீழே வர, கடைசியில் நின்றவர்கள் மேலே ஓட, வால்டர் போய் ஹெட்விக் அம்மாவோடு மோதி, அந்த அம்மாவின் கண்ணாடி எங்கேயோ பறந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் குவிந்துபோனார்கள். இப்படி ஏலாது, மேலே உள்ளவர்கள்தான் கீழே வருவது என்று அந்த அம்மா சொன்னார். அவர்களின் டொச்சுப் பாஷையில் விளக்கச் சொல்லி நான் ஜேசுரட்ணத்தைப் பார்த்தேன். "ஐயோ அண்ணை, கோழி, உருளைக்கிழங்கு எண்டால் சொல்லுவன். கரைவலையை டொச்சிலை எப்பிடி அண்ணை சொல்லுறது?" என்று அவன் தலையில் கையை வைத்தான். பிறகு நானே அவர்களின் கையில் இல்லாத கயிற்றைக் கொடுத்து, "வாஸர், வாஸர்" என்று தண்ணீர் இருக்கும் பக்கத்தைக் காட்டி, இழுத்துக் காட்டினேன். விட்டுவிட்டு ஓடியும் காட்டினேன். வால்டருக்குத்தான் முதலில் விளங்கியது. இரண்டாம் முறை ஆடினார்கள். மலர், வலை வந்தது. இரண்டு வரிசையும் நெருங்கி நெருங்கி வந்து நடுவில் எல்லோருடைய கையும் சேர்ந்தபோது நான் என்னை அறியாமல் வலை இழுக்கும் அம்பாப் பாட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டேன். அவர்களும் திருப்பிக் கத்தினார்கள்.

நடுவில் ஒரு பெண்ணை நிற்க வைத்திருந்தேன். அவள் ஆடுவதில்லை. கடைசியில் மட்டும் கையை நீட்டுவாள். இது யார் என்று ஹெட்விக் அம்மா கேட்டார். என் மனுசி என்றேன். அப்படியென்றால் ஆட்டத்துக்கு அவர் பெயர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். உன்னை நான் ஒருநாளும் வாயால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இஞ்சேர், இஞ்சேர் என்றே நாற்பது வருஷம் போய்விட்டது. அன்றைக்கு மண்டபத்தில் நின்று, எல்லோருக்கும் கேட்க, ஞானமலர் என்றேன். அவர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள்.

புத்தகத்தை வால்டர்தான் எழுதுகிறார். ஆட்டத்தின் பெயருக்குக் கீழே ஒரு வரி வரும். உயிரோடு இருக்கிறவர் என்றால் இன்னாருக்கு என்று வரும். இல்லாதவர் என்றால் இன்னாரின் நினைவாக என்று வரும். வால்டர் ஜேசுரட்ணத்திடம் ஏதோ கேட்டார். "அது ஒண்டுமில்லை அண்ணை, பிறகு சொல்லுறன்" என்று ஜேசுரட்ணம் தன் சப்பாத்தைப் பார்த்தான். அவன் முகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. வால்டரில் பிழையில்லை. அவர்களும் அங்கே நடக்கும் சண்டையை ரெலிவிஷனில் பார்க்கிறார்கள்தானே.

ஞானமலருக்கு என்று எழுதச் சொன்னேன். வால்டர் எழுதினார். ஆனால் பென்சிலால்தான் எழுதினார். வைகாசியில் பெந்தகோஸ்து முடியத்தான் அச்சுக்குக் கொடுப்பாராம், அதற்குள் அவளிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் கேட்கிறேன்.

இன்று வெள்ளி. சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது, கைதான் விடமாட்டேன் என்கிறது.

இதே கடிதத்தை இன்னும் இரண்டு தரம் எழுதப் போகிறேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று மன்னாரில் பங்குச் சுவாமியாருக்கு, ஒன்று இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்கு. ஊரில் இருந்தாலும், காட்டுப் பக்கம் போயிருந்தாலும், வள்ளமேறி அக்கரைக்குப் போயிருந்தாலும், ஒன்றாவது உன் கைக்கு வரும். வேறு யாராவது இதைப் பிரித்திருந்தால், ஐயா, அம்மா, அவள் கட்டையான ஆள், இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, கைக்குழந்தையோடு மகளும் கூட இருப்பாள். தயவுசெய்து தேடிக் கொடுங்கோ.

மாதா உன்னையும் பற்றிமாவையும் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். மலர், நீ பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். தவக்காலத்தில், இந்த வயதில், வேற்றுப் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாயா என்று ஏசியாவது எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் ஏசு. நானே வாசிப்பேன். வேறு ஒருவருக்கும் கேட்காது.

இப்படிக்கு,
உன்னைக் கடந்து ஓடின
சவிரிமுத்து