என் மூக்கை நம்பி

ஐப்பசி 12, செவ்வாய்

இன்று ஐஸ் பிளாண்டில் லேசாக அமோனியா கசிந்தது. கண்டுபிடித்தது ஐஸ் உடைக்கிற செல்வி அக்கா. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தம்பி, இம்புட்டு வாடை அடிக்குது, ஒனக்குத் தெரியலையா?" என்று ஓடிவந்தார். நான் வால்வுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இப்பத்தான்க்கா பாத்தேன்" என்று பொய் சொல்லிவிட்டு வால்வை இறுக்கினேன்.

போன வருஷம் கேஸ் அலாரம் கெட்டபோது, "முருகேசு மூக்கு இருக்கைல அலாரம் எதுக்கு?" என்று முதலாளி சிரித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. புது அலாரம் வாங்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

அறைக்கு வந்து கருவாடு வறுத்தேன். வாணலி மேல் குனிந்து நின்றும் வாடையே வரவில்லை. கருகியதைக் கண்ணால் பார்த்துத்தான் அடுப்பை அணைத்தேன். வல்லத்திராக்கோட்டையிலிருந்து என் மனைவி சுமதி போன் செய்து, "சாப்ட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். கருகிய கருவாட்டைக் குப்பையில் கொட்டினேன்.

முதலாளியிடம் சொன்னால் வேறு ஆள் போட்டுவிடுவார். இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று படுத்தேன். தூக்கம் பிடிக்கவில்லை.

நாளைக்குச் செல்வி அக்கா லீவு.