ஆட்டு மூச்சுக்குழாயும் கம்பவுண்டர் மாசானமும்

ராயபுரம்,
ஜூன் 1953

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

நீயும் அத்தையும் சுகந்தானே? உன் இளைப்பு தணிந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். உன் கடிதம் முழுக்கக் கம்பவுண்டர் மாசானம்தான். என் பேர் உறைமேல் மட்டும் இருந்தது.

ஆஸ்துமாக்காரருக்குச் சளி ஏன் மேலேறாமல் நெஞ்சிலேயே நிற்கிறது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்க்கிறோம். அதற்காக ஆட்டு மூச்சுக்குழாய் வாங்கப் போனேன். கறிக்கடைக் கோவிந்தம்மா சிரித்தாள்: "இன்னா நைனா, கறிய வுட்டுட்டு கொயாய் மட்டும் வாங்கினு போறே? பொஞ்சாதி ஊர்ல கீதா?"

குழாயின் உள்பக்கம் கரித்தூள் தூவினால், அங்கே அசையும் நுண்மயிர்கள் தள்ளித் தள்ளி அது மேல்நோக்கி நகரும். நேற்று அனல்காற்றில் குழாய் காயத் தொடங்கியதும் தூள் நின்றுவிட்டது. வெந்நீர் ஆவி காட்டினேன், மறுபடி ஊர்ந்தது. ஆகவே மாசானம் உன்னை ஆவி பிடிக்கச் சொன்னது சரிதான். எனக்கு எரிச்சலாக இருந்தாலும் சரிதான்.

ஆனால் சளி இளக உன் முதுகைத் தட்டிக்கொடுத்தாராமே, அதை இனி அத்தை செய்யட்டும். அவருக்குக் கொடுத்த முறுக்கில் மிச்சமிருந்தால் எனக்கும் அனுப்பு.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். மூச்சு முட்டினால் யோசிக்காமல் மாசானத்தையே கூப்பிடு. தேறியதும் எனக்கு எழுது. அதில் அவர் பேர் வேண்டாம்.

உன்,
தவசிமுத்து