கதவு உரசுகிறதாம்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். டிரில் மெஷினைத் தேட வேண்டாம், நான் எடுத்துப் போகிறேன்.

"உன்னை நம்பி எவன் கூப்பிடுவான்?" என்று நேற்று கேட்டீர்களே. வீட்டு ரிப்பேர் வேலைக்கு நான் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து முதல் ஆள் கூப்பிட்டாகிவிட்டது. படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறதாம். பேசியது உங்கள் அம்மா. கல்யாணமானதிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர். நோட்டீஸில் என் பெயர் கிடையாது, நம்பரும் புதுசு. நானும் வாயைத் திறந்து யாரென்று சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் என்ன செய்வார் என்று மனசு குறுகுறுக்கிறது.

பின்குறிப்பு: போனை வைக்கும்போது அத்தை, "சாப்பிடாம வா, இங்க சாப்பிட்டுக்கலாம்" என்றார். முன்பின் தெரியாத ரிப்பேர்க்காரியிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா?